புல்வெட்டி எஞ்சினில் ஒரு மஞ்சள் விமானம்: நிகழ்வு ஆய்வு

பேராவூரணிக்கு அருகில் என் மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது அதில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. மரங்களை அறுத்து அகற்றிய பிறகு, நிழல் போன மண்ணில் கோரையும் புல்லும் இடுப்பளவு மண்டின. அதை வெட்டுவதற்காக வாங்கிய பிரஷ் கட்டர் ஆறு ஆண்டுகள் உழைத்தது. கடைசியில் அதன் நீளக் குழாய் வளைந்து, உள்ளே சுழலும் தண்டு முறிந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. "நான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன் மாப்பிள்ளை, பழைய இரும்புக் கடைக்குப் போவதைவிட உன்னிடம் இருக்கட்டும்" என்று சொல்லி மாமா அதைக் கொடுத்தார்.

மன்னார்குடியில் என் வீட்டு மாடியில் அப்போது ஒரு விமானம் எஞ்சின் இல்லாமல் கிடந்தது. பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய அமெரிக்கப் பயிற்சி விமானத்தின் கால் அளவு மாதிரி அது, தரையிலிருந்து ரேடியோவால் ஓட்டுவது. உண்மை விமானத்தின் இறக்கை விரிவு சுமார் 10.7 மீட்டர், மாதிரியில் 2.68 மீட்டர். இந்த அளவுக்கு என்றே செய்யப்பட்ட பெட்ரோல் எஞ்சின்கள் உண்டு. 20 சி.சி. எஞ்சின் ஒன்று முக்கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆனால் இறக்குமதிச் செலவு என் கைக்கு அடங்கவில்லை. அதனால் மாமா கொடுத்த எஞ்சினையே ஏற்ற முடியுமா என்று பார்த்தேன். நான்கு மாதம் ஆனது. அதில் நடந்ததை, தவறியதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புல்வெட்டி எஞ்சின் குறைந்த விலைக்கு விற்க வேண்டிய பொருள். அதனால் வடிவமைத்தவர்கள் ஒரே உறுப்பிடம் இரண்டு மூன்று வேலைகளை வாங்கியிருக்கிறார்கள். ஒரு வேலை கண்ணுக்குத் தெரியும், இன்னொன்று தெரியாது. தெரிந்த வேலை விமானத்துக்குத் தேவையில்லை என்று நாம் அந்த உறுப்பைக் கழற்றுகிறோம். தெரியாத வேலையும் அதோடு போய்விடுகிறது. எனக்கு நேர்ந்த இரண்டு பெரிய கோளாறுகளுக்கும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை கெட்டதுதான் காரணம்.

கையில் இருந்த எஞ்சின்

தகட்டில் 1இ34எஃப் என்று பொறித்திருந்தது. சீனத்துச் சிறு எஞ்சின்களின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி விவரம் அதிலேயே கிடைக்கும். ஒற்றை சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 34 மி.மீ. துளை, காற்றால் குளிர்வது. பிஸ்டன் ஓட்டம் 28 மி.மீ. கணக்குப் போட்டால் 25.4 சி.சி. வரும், கடையில் 26 சி.சி. என்பார்கள். முக்கால் கிலோவாட், அதாவது ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன். இதே வரிசையில் 40 மி.மீ. துளையுள்ளது 43 சி.சி., 44 மி.மீ. உள்ளது 52 சி.சி. டெல்டாவில் வரப்புப் புல் வெட்டுபவர்களின் தோளில் தொங்குபவை பெரும்பாலும் இந்த வரிசையைச் சேர்ந்தவைதான். ஆகவே உதிரி உறுப்புகள் எந்த ஊரிலும் கிடைக்கும். இறக்குமதி எஞ்சினுக்கு இல்லாத வசதி இது.

விமானத்துக்கு ஏற்ற இரண்டு குணங்கள் இதில் பிறவியிலேயே இருக்கின்றன. ஒன்று, டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வால் இயங்கும் கார்புரேட்டர். இதில் மிதவை கிடையாது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள மூடிய அறையான கிராங்க் கேஸின் உள்ளே அழுத்தம் மாறி மாறித் துடிப்பதை வைத்தே அது பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். புல் வெட்டுபவர் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்று செய்தது, விமானம் சாய்ந்தாலும் புரண்டாலும் ஓடும். இரண்டாவது, சுழலும் திசை. கிளட்ச் பக்கத்திலிருந்து பார்த்தால் இது கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுகிறது. மாதிரி விமானங்களின் சாதாரண புரொப்பெல்லரும் முன்னிருந்து பார்க்கும்போது அப்படித்தான் சுற்றும். ஆக, கிளட்ச் இருந்த இடத்தில் புரொப்பெல்லரைப் பூட்டினால் போதும்.

எடைதான் கவலை. டேங்க், கவசம், கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், கிளட்ச், சைலன்சர் எல்லாம் சேர்த்து 2.7 கிலோ இருந்தது. வேண்டாதவற்றைக் கழற்றிய பிறகு 1.6 கிலோ. வேறு விமானமாக இருந்தால் இங்கேயே கைவிட்டிருப்பேன். ஆனால் கப் விமானத்துக்கு மூக்கு குட்டை. இலேசான எஞ்சினை வைப்பவர்கள் எடைமையம் சரியாக நிற்பதற்காக மூக்கில் ஈயக்கட்டி வைக்கிறார்கள். எனக்கு அந்த ஈயத்தின் வேலையை எஞ்சினே செய்தது. ரேடியோவுக்கான பாட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளியதோடு எடைமையம் சரியான இடத்தில் நின்றது. உண்மை கப் விமானத்தில் சிலிண்டர்கள் மூக்கின் இரு புறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் என் எஞ்சினின் சிலிண்டர் வெளியே தெரிவதும் உறுத்தவில்லை. எந்த எஞ்சினை மாற்றுவது என்று யோசிக்கும் முன் எந்த விமானத்துக்கு என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃபிளைவீல்

இந்த எஞ்சினின் ஃபிளைவீல் கையகல அலுமினிய வட்டு. எனக்குத் தெரிந்த வேலை, கிளட்சைத் தாங்குவதும் வேகத்தைச் சேமிப்பதும். அதன் முகத்தில் விசிறி இதழ்கள் வார்த்திருக்கின்றன. அவை கவசத்துக்குள் காற்றைத் தள்ளி சிலிண்டரைக் குளிர்விக்கின்றன. விளிம்பில் ஒரு காந்தம் பதித்திருக்கிறது. அது காயிலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுகிறது. இப்படிக் காந்தத்தால் பொறி உண்டாக்கும் அமைப்புக்கு மேக்னட்டோ என்று பெயர், பொறிக்குப் பாட்டரி வேண்டாம் என்பதே அதன் பெருமை.

புரொப்பெல்லர் காற்று இருக்கும்போது விசிறி இதழ்கள் எதற்கு என்று நினைத்தேன். வீட்டிலேயே கிரைண்டரால் இதழ்களை அறுத்தேன். காந்தத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் ஒரு தடித்த மேடு இருந்தது. எந்த உபயோகமும் தெரியவில்லை. அதையும் தேய்த்துச் சமமாக்கினேன். 380 கிராம் இருந்த வட்டு 215 கிராமுக்கு இறங்கியதைத் தராசில் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

சோதனை மேடையில் எஞ்சின் உடனே கிளம்பியது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுவரை பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கு மேல் மேடையே கையில் நடுங்கியது. ஒளிபுகும் டேங்கில் பெட்ரோல் சோப்புத் தண்ணீர்போல நுரைத்தது. நான்கு நிமிடத்தில் சைலன்சரின் ஒரு போல்ட் கழன்று விழுந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் எஞ்சினைத் தாங்கிய பிளைவுட்டில் ஒரு துளையின் ஓரம் பிளந்திருந்தது.

கும்பகோணத்தில் ஒரு கடைசல் பட்டறை. அதை நடத்தும் பெரியவர் நாற்பது ஆண்டுகளாக லேத்தின் முன் நிற்பவர். பம்புசெட் தண்டுகளும் கரும்பு ஆலை உருளைகளும் அவர் கைக்கு அன்றாடம். நான் தேய்த்த வட்டை வாங்கி, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி வருடினார். காந்தத்தைத் தொட்டார். பிறகு எதிர்ப்பக்கம் தொட்டார்.

"இங்கே ஒரு மேடு இருந்திருக்குமே தம்பி?"

"இருந்தது அய்யா. எடுத்துவிட்டேன்."

"காந்தம் இரும்பு, வட்டு அலுமினியம். ஒரு பக்கம் இரும்பு வைத்தவன் மறுபக்கம் எதைக் கொண்டு சரிக்கட்டியிருப்பான்?"

அந்த மேடுதான் காந்தத்துக்கு எதிர் எடை. பழைய வட்டை ஒதுக்கிவிட்டு உதிரிக் கடையில் இன்னொன்று வாங்கிக்கொண்டு மறுவாரம் போனேன். இம்முறை பெரியவர் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

வட்டை அவர் லேத்தின் சக்கில் நேராகப் பிடிக்கவில்லை. வட்டின் நடுத்துளை சரிவானது. கிராங்க் ஷாஃப்டின் சரிவில் அது இறுகி உட்காரும். விளிம்பைப் பிடித்துக் கடைந்தால் விளிம்புக்குத்தான் உண்மையாக இருக்கும், துளைக்கு இருக்காது என்றார். மெக்கானிக் கடை ஒன்றில் பிஸ்டன் இறுகிச் செத்துப்போன இதே ரக எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் கிடந்தது. அதை வாங்கிவரச் சொன்னார். அந்தத் தண்டைச் சக்கில் பிடித்து, சரிவில் நீல மை தடவி, வட்டை ஏற்றி இறக்கினார். துளையின் உள்ளே மை சுற்றிலும் ஒட்டியிருந்தது, அதாவது வட்டு எங்கும் இடைவெளியின்றி உட்கார்ந்திருந்தது. அதன் பிறகே நட்டை முடுக்கினார். எஞ்சினில் எப்படிச் சுற்றுமோ அப்படியே லேத்திலும் சுற்றியது.

கடைவதற்கு முன் இன்னொரு வேலை செய்தார். இரண்டு எஃகு அளவுகோல்களை ரசமட்டம் வைத்துக் கிடையாக நிறுத்தி, தண்டும் வட்டுமாக அதன்மேல் உருளவிட்டார். எந்த இடம் கீழே வந்து நிற்கிறது என்று பார்த்து, சாக்கட்டியால் குறித்துக்கொண்டார். வட்டைத் தனியாகச் சமன் செய்ய அவர் முயலவில்லை. "முன்பு எப்படி நின்றதோ, கடைந்த பிறகும் அப்படியே நிற்க வேண்டும். செய்தவன் கணக்கு நமக்குத் தெரியாது" என்றார். இதழ்களின் உயரத்தை மட்டும் சீராகக் குறைத்தார். காந்தத்தையும் மேட்டையும் தொடவில்லை. 290 கிராமில் நிறுத்திக்கொண்டார். மறுபடி உருட்டினோம். சாக்கட்டிக் குறி பழைய இடத்திலேயே கீழே வந்து நின்றது.

புரொப்பெல்லரைத் தாங்கும் குடத்தையும் அவரே அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார். கிளட்ச் கட்டைகளைப் பிடித்திருந்த இரண்டு திருகு துளைகளிலேயே அது உட்காருகிறது. போல்ட்டுகள் இழுத்துப் பிடிப்பதோடு சரி; குடத்தை மையத்தில் நிறுத்துவது வட்டின் நடுவில் அவர் கடைந்த, படிக்கட்டு போன்ற சிறு விளிம்பு. இது முக்கியம். போல்ட்டை நம்பி மையம் பிடித்தால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் மையம் மாறும். முடிவில் புரொப்பெல்லரின் இரு நுனிகளும் ஒரே தளத்தில் செல்கின்றனவா என்று ஒரு குச்சியை நட்டுப் பார்த்தேன். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தது.

எடை 215 கிராமுக்குப் பதில் 290 கிராம். அந்த 75 கிராம் எனக்குத் திருப்பிக் கொடுத்தது அதிகம். கனமான வட்டு இருப்பதால் எஞ்சின் 1,800 சுற்றில் நின்று நிதானமாக ஓடுகிறது. கையால் தட்டிக் கிளப்பும்போது காந்தம் காயிலை வேகமாகக் கடக்கிறது, பொறி தவறுவதில்லை. காயிலுக்கும் வட்டுக்கும் இடையே 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காயிலை அழுத்தித் திருகை முடுக்கிவிட்டுக் கார்டை உருவினால் சரியாக இருக்கும்.

மற்றவை

பின்பக்கம், ஸ்டார்ட்டர் பொருந்தியிருந்த நான்கு திருகு இடங்களில் 5 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றைப் பூட்டி, அதை விமானத்தின் மூக்குப் பலகையோடு இணைத்தேன். கார்புரேட்டர் உருளை வகை. நெம்பைத் திருப்பினால் உருளை சுற்றிக்கொண்டே மேலேயும் எழும். நேர்க்கம்பி இணைப்பு இதற்குச் சிக்கும், பந்து மூட்டு வேண்டும். அதில் உள்ள சுருள்வில், ரேடியோ கட்டளைப்படி நெம்பை இழுக்கும் சிறு மோட்டாரான சர்வோவை எதிர்த்து இழுப்பதால் பலர் அந்த வில்லை எடுத்துவிடுகிறார்கள். நான் எடுக்கவில்லை, மெல்லியதாக மாற்றினேன். இணைப்பு அறுந்தால் எஞ்சினை மெதுவோட்டத்துக்குக் கொண்டுவருவது அந்த வில்தான். காயிலிலிருந்து வரும் நிறுத்துக் கம்பியை ஒரு சிறு சுவிட்சில் சேர்த்து, தனி சர்வோ ஒன்று அதை அழுத்தும்படி வைத்தேன். உடலின் வெளிப்பக்கம் கையால் தட்டும் சுவிட்ச் இன்னொன்று.

சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், அதைப் பயன்படுத்தவே கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். டயாஃப்ரத்தையும் காலப்போக்கில் விறைக்கச் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் சுவரே வியர்க்கும். ஆகவே அன்றைக்குத் தேவையானதை மட்டும் 30-க்கு 1 என்று ஆயில் கலந்து, மீதியை அன்றே வடித்துவிடுகிறேன்.

இழுவிசையை அளக்க விமானத்தின் வாலை ஸ்பிரிங் தராசோடு சேர்த்து வேப்பமரத்தில் கட்டினேன். 16×8 புரொப்பெல்லரில் (முதல் எண் விட்டம், இரண்டாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில்) 6,400 சுற்று, 3.6 கிலோ. 18×6-இல் சுற்று 6,100 ஆகக் குறைந்தது, இழுவை 4.2 கிலோவாக ஏறியது. கப் மெதுவாகப் பறக்கும் விமானம், பெரிய இதழ்தான் அதற்குப் பொருத்தம். முழு எடை 7.8 கிலோ, இந்த இழுவை தாராளம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 18 அங்குல இதழின் நுனி 6,100 சுற்றில் மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. அதன் சுழலும் தளத்தில், பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது. கார்புரேட்டரைத் திருகுபவர் பின்னாலிருந்துதான் கையை நீட்ட வேண்டும். விமானத்தைப் பிடிக்க இன்னொருவர் இல்லாத நாளில் நான் எஞ்சினைத் தொடுவதில்லை.

வயலில்

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அதன் சுற்றுவட்டத்தில் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மிகாமல், பொழுதுபோக்குக்காகவோ கல்விக்காகவோ கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் இயக்கப்படுவது மாதிரி விமானம். அதற்கு வகைச்சான்று தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் வான்வெளி வரைபடம் எல்லோருக்கும் பொருந்தும். அதைப் பார்த்துவிட்டு, நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு நண்பரின் வயலைத் தேர்ந்தெடுத்தேன். சம்பா அறுவடை முடிந்து, உளுந்து தெளிக்காமல் விட்டிருந்த வயல்.

முதல் நாள் போனபோது பக்கத்து வயல்களில் வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அறுவடைக்குப் பின் உதிர்ந்த நெல்லுக்காக ஆயிரக்கணக்கில் ஓட்டிவருவார்கள். சத்தத்தில் மிரண்டு வாத்துகள் சிதறினால் மேய்ப்பவரின் அன்றைய பொழுது போய்விடும். திரும்பிவிட்டோம். நான்கு நாள் கழித்து, அவர்கள் நகர்ந்த பிறகு, காலை ஆறரை மணிக்குக் கிளப்பினோம்.

நாற்பது அடி ஓடி விமானம் எழுந்தது. மஞ்சள் இறக்கை வெயிலில் திரும்பியபோது கூட வந்த பிள்ளைகள் கத்தினார்கள். ஏழு நிமிடம் குறையே இல்லை. எட்டாவது நிமிடம் உயரம் ஏற்றுவதற்காக மூக்கைத் தூக்கி முழு வேகம் கொடுத்தேன். எஞ்சினின் ஒலி மெலிந்து, கீச்சென்று உயர்ந்து, நின்றுவிட்டது. கப் எஞ்சின் நின்றாலும் காற்றில் நன்றாக மிதந்து வரும் விமானம், திருப்பி இறக்கிவிட்டேன். ஆனால் காய்ந்த களிமண் வெடிப்பில் சக்கரம் இறங்கி மூக்கு குத்தியது. புரொப்பெல்லர் முறிந்தது.

பிளக்கைக் கழற்றினால் வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை. டேங்கில் பாதி இருந்தது, நுரை இல்லை, குழாயில் ஓட்டை இல்லை. கார்புரேட்டரைப் பிரித்து வலையைக் கழுவினேன், டயாஃப்ரத்தை மாற்றினேன். தரையில் முழு வேகத்தில் நன்றாகவே ஓடியது. மறுமுறை பறந்தபோது அதே இடத்தில், மூக்கு மேலே, டேங்க் பாதி, நின்றது.

அன்று மாலை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கேஸ்கட்டாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கறுப்பு பிளாஸ்டிக் கட்டை ஒன்று உண்டு. சிலிண்டரின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுப்பதுதான் அதன் வேலை என்று எண்ணியிருந்தேன். பெரிய துளைக்கு ஓரமாக அதில் ஊசி நுழையும் அளவுக்கு இன்னொரு துளை இருக்கிறது. கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பு அந்தத் துளை வழியாகத்தான் கார்புரேட்டரின் பம்பைச் சென்று சேர்கிறது. பழைய கேஸ்கட் கிழிந்ததால் நானே ஒரு தாளில் வெட்டிப் போட்டிருந்தேன். சிறு துளையையும் கவனமாகக் குத்தியிருந்தேன். ஆனால் பெட்ரோலில் ஊறிய தாள் உப்பி, போல்ட்டை முடுக்கியபோது நகர்ந்திருக்கிறது. கேஸ்கட்டைக் கட்டையோடு சேர்த்து விளக்கின்முன் பிடித்தால், முழு வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் மூன்றாம் பிறைபோல ஒரு கீற்றாகத் தெரிந்தது. தரையில், டேங்க் நிறைந்து கார்புரேட்டருக்குச் சமமாக இருக்கும்போது, அந்தக் கீற்று போதும். மூக்கு மேலே போய், பாதி டேங்கிலிருந்து பெட்ரோலை ஏற்றி இழுக்க வேண்டியபோது அரைத் துடிப்புக்குப் பலம் இல்லை.

உதிரிக் கடையில் இந்த எஞ்சினுக்கே உரிய கேஸ்கட் இருபது ரூபாய். அதைப் போட்டபின் ஒரு சோதனையை வழக்கமாக்கிக்கொண்டேன். டேங்கில் பாதி மட்டும் ஊற்றி, நண்பர் பின்னால் நின்று விமானத்தின் மூக்கை 45 பாகைக்குத் தூக்கிப் பிடிக்க, முழு வேகத்தில் 30 விநாடி ஓட்டுவது. ஒலி மெலிந்தால் அன்று பறப்பதில்லை. முதல் பறப்புக்கு முன்பே இதைச் செய்திருந்தால் ஒரு புரொப்பெல்லரும் இரண்டு வாரமும் மிஞ்சியிருக்கும்.

பங்குனி முடிவதற்குள் 23 முறை பறந்துவிட்டது. ஒரு பறப்பு 12 நிமிடம், 100 மி.லி.க்குச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கிறது. பிளக் இப்போது நல்ல பழுப்பு நிறம். ஐந்து பறப்புக்கு ஒருமுறை குடத்தின் போல்ட்டுகளைச் சோதிக்கிறேன், இதுவரை ஒன்றும் தளரவில்லை. சிலிண்டரின் பின்பக்கத் தகடுகள் மட்டும் முன்பக்கத்தைவிடச் சூடாகின்றன. பழைய கவசம் காற்றைச் சுற்றி வளைத்துப் பின்னால் கொண்டுபோயிருக்கிறது. அதைக் கழற்றியபோது நான் யோசிக்காத இன்னொரு வேலை. தகர டப்பா ஒன்றை வெட்டி, சிலிண்டரை அணைத்தபடி வளைத்து, காற்று பின்பக்கமாகச் சுற்றிப் போகும்படி செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூனில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வயலில் குறுவை நடவு தொடங்கிவிடும், பிறகு தாளடி. டேங்கை வடித்து, கார்புரேட்டரில் எஞ்சிய பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓட்டி நிறுத்தி, இறக்கையைக் கழற்றி மாடியில் தொங்கவிட வேண்டும். தாளடி அறுவடையாகி நிலம் காய மாசி ஆகும். அதற்குள் தகரக் கவசம் முடிந்துவிடும்.